புறங்கூற்றா, கரியுரையா?
குடித்து ஊர்தி ஓட்டுபவரைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது பற்றி ஓர் ஆய்வு

முன்னுரை

இரவு பத்து மணி கடந்த வேளை. மயிலாப்பூர் லஸ் முனையில் ஒருவர் பேருந்துக்காகக் காத்து நிற்கிறார். கச்சேரி சாலைப் பக்கமிருந்து ஒரு கார் வருகிறது. நடுக்கோட்டை இரண்டு முறை தாண்டுகிறது; சிவப்பு விளக்கைக் கண்டும் காணாததுபோல் முன்னேறி நடுச்சாலையில் திடீரென நிற்கிறது; பின்னர்ச் சீறிப் புறப்பட்டு ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் மறைகிறது. நிற்பவர் உள்ளத்தில் 'இவர் குடித்திருப்பாரோ?' என்ற ஐயம் எழுகிறது. அதன் பின்னாலேயே 'நமக்கு ஏன் இந்த வம்பு?' என்ற எண்ணமும் எழுகிறது. இரண்டாவது எண்ணம் முதலாவதை வென்றுவிடுகிறது. பேருந்து வருகிறது; அவர் ஏறிச் செல்கிறார்.

சென்னையில் ஒவ்வோர் இரவும் நிகழத்தக்க காட்சி இது. அவர் காவல்துறைக்குத் தெரிவித்திருக்க வேண்டுமா? தெரிவிப்பது அறமா, அன்றிப் பிறர் செயலில் தலையிடும் குற்றமா? ஐயம் ஒன்றை மட்டும் நம்பி ஒருவரைப் பற்றிப் பேசலாமா? இவ்வினாக்களுக்கு இலக்கியத்தின் துணைகொண்டும் சட்டத்தின் துணைகொண்டும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதீட்ரல் சாலை நிகழ்ச்சி

2016ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் அதிகாலையில் சென்னை கதீட்ரல் சாலையில் விரைந்து வந்த போர்ஷே கார் ஒன்று, ஓரமாக வரிசையில் நிறுத்தப்பட்டிருந்த ஆட்டோக்களின்மீது மோதியது. ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார்; வேறு சிலர் காயமுற்றனர். காரை ஓட்டிய இளைஞர் மது அருந்தியிருந்தார் என்று காவல்துறை குற்றம் சாட்டியது. அதே ஆண்டு சூலையில் தென் சென்னைத் தரமணிப் பகுதியில் மற்றொரு சொகுசுக் கார் மோதித் தொழிலாளி ஒருவர் மாண்டார். அவ்வழக்கிலும் அதே குற்றச்சாட்டு எழுந்தது. இரண்டிலும் மாண்டவர்கள் நள்ளிரவுக்குப் பின்னும் சாலையை விட்டு அகல இயலாத உழைப்பாளிகள் என்பது நோக்கத்தக்கது.

இத்தகைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசும்போது நாம் ஓட்டியவரை மட்டுமே எண்ணுகிறோம். ஆயின் குடித்த ஒருவர் எவர் கண்ணிலும் படாமல் சாலைக்கு வந்துவிடுவதில்லை. ஊற்றிக் கொடுத்தவர், உடன் அமர்ந்தவர், வாசலில் காரைக் கொணர்ந்து நிறுத்தியவர், கதவைத் திறந்துவிட்ட காவலாளி, வழியில் விலகி உயிர் தப்பியவர் எனப் பலர் அவரைக் காண்கின்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கணம் கிடைக்கிறது. அக்கணத்தை என்ன செய்வது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

தயக்கத்தின் வேர்

தமிழில் பிறரைப் பற்றி மேலிடத்தில் சொல்வதைக் குறிக்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். கோள் சொல்லுதல், போட்டுக் கொடுத்தல், காட்டிக் கொடுத்தல், புறங்கூறுதல் ஆகிய நான்கும் இழிவுப் பொருள் தருவன. பள்ளிப் பருவத்திலேயே, வகுப்புத் தோழனைப் பற்றி ஆசிரியரிடம் சொல்பவனை மற்ற மாணவர் ஒதுக்கிவைப்பர். எனவே தெரிவிக்க எண்ணும்போதே, நாம் இழிந்த செயல் ஒன்றைச் செய்வதாக உள்ளம் கூசுகிறது.

இக்கூச்சத்தோடு மூன்று அச்சங்களும் சேர்கின்றன. நம் ஐயம் தவறாக இருந்து, குற்றமற்றவர் அவமானப்படுவாரோ என்பது முதல் அச்சம். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமோ என்பது இரண்டாவது. ஓட்டுபவர் உரிமம் இழந்தால் அவர் குடும்பம் என்ன ஆகும் என்பது மூன்றாவது. முதலாவதும் மூன்றாவதும் நல்லுள்ளத்தில் பிறப்பவை. ஆதலின் இவற்றை எள்ளித் தள்ளாமல் விடை கூற வேண்டும்.

முதலில் சொல்லின் தெளிவு வேண்டும். பழந்தமிழில் 'கரி' என்ற சொல்லுக்குச் சாட்சி என்ற பொருள் உண்டு. தான் நேரில் கண்டதை உரியவரிடம் உரைப்பவர் கரியாளர். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் பெயரைக் கெடுக்கும் நோக்கில் பேசுபவர் புறங்கூற்றாளர். முன்னவர் பிறர் உயிரைக் காக்கப் பேசுகிறார். பின்னவர் தம் மனத்தின் வெம்மையைத் தீர்க்கப் பேசுகிறார். நோக்கமும் பயனும் வேறாயிருக்க, இருவரையும் ஒரே சொல்லால் இகழ்வது பொருந்தாது.

சமய நூல்களும் அற நூல்களும் இவ்வேறுபாட்டை உணர்ந்தே பேசுகின்றன. திருக்குர்ஆன், ஐயப்படுவதில் பெரும்பகுதியையும் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தவிர்க்குமாறு 49ஆம் அத்தியாயத்தில் பணிக்கிறது. அதே நூல் 2ஆம் அத்தியாயத்தில், சாட்சியத்தை மறைத்தல் ஆகாது என்றும் கட்டளையிடுகிறது. வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர். வாய்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தவர். புறம்பேசாமையும் சான்றை மறையாமையும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல என்பது இதனால் தெளிவு.

சிலம்பு காட்டும் நெறி

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை, புகார் நகரின் பூத சதுக்கத்தைக் காட்டுகிறது. அங்குள்ள பூதம் தண்டிப்போர் பட்டியலில் பொய்க்கரி கூறுவோரும் புறங்கூறுவோரும் தனித்தனியே இடம்பெறுகின்றனர். உண்மைக் கரி கூறுவோர் அப்பட்டியலில் இல்லை. இளங்கோவடிகள் வகுத்த இவ்வெல்லை நம் வினாவுக்கு நேரே விடை தருவது.

அதே காப்பியம் தவறான முறையீட்டின் கொடுமையையும் காட்டாமல் விடவில்லை. கோவலன் எவ்வாறு மாண்டான்? தன் களவை மறைக்க விரும்பிய பொற்கொல்லன், சிலம்பைத் திருடியவன் தன் குடிலருகே இருக்கிறான் என்று அரசனிடம் கூறினான். அரசியின் ஊடலைத் தீர்க்கும் விரைவிலிருந்த பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான். சென்ற காவலருள், கோவலனின் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என்று ஐயுற்றோரும் இருந்தனர். அவர்களது ஐயம் வெட்டு விழுவதைத் தடுக்கவில்லை. இறுதியில் வாளை வீசியவனைக் காப்பியம் 'களிமகன்' என்று குறிக்கிறது. கள்ளுண்டு களித்தவன் என்பது அச்சொல்லின் பொருள்.

இங்கு நான்கு பிழைகள் ஒன்றுகூடுகின்றன. சொன்னவன் பொய் சொன்னான். கேட்டவன் சோதிக்கவில்லை. ஐயுற்றவர் தடுத்து நிறுத்தவில்லை. குடித்தவன் கையில் கருவி இருந்தது. முறையீடு செய்யத் தயங்குவோர் முதல் இரண்டையும் நினைத்து அஞ்சுகின்றனர், அது நியாயமே. ஆனால் பின்னிரண்டையும் மறந்துவிடுகின்றனர். குடித்தவன் கையில் அன்று வாள் இருந்தது. இன்று ஓராயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையுடைய ஊர்தி இருக்கிறது. தடுக்கக் கூடியவர் வாளாவிருப்பதும் அக்கொலைக்களத்தின் ஒரு பகுதியே ஆகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. நாம் சொல்வது உண்மையா? நாம் சொன்னபின் சோதனை நடைபெறுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்ற விடை கிடைப்பின், கோவலனுக்கு நேர்ந்தது மீண்டும் நேரும் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

சட்டத்தின் நிலை

இரண்டாம் வினாவை முதலில் நோக்குவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் குருதியில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க, ஊர்தி ஓட்டுவது குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் முதல் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் தண்டமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 203ஆம் பிரிவு மூச்சுச் சோதனைக்கும் 204ஆம் பிரிவு குருதிச் சோதனைக்கும் வழி செய்கின்றன. கைது செய்யப்பட்டவருக்கு இரண்டு மணி நேரத்திற்குள் இச்சோதனைகளை நடத்தாவிட்டால் அவரை விடுவித்துவிட வேண்டும் என்று 202ஆம் பிரிவு கூறுகிறது.

இதன் பொருள் என்ன? நாம் தெரிவித்த சொல்லைக்கொண்டு எவரும் தண்டிக்கப்படுவதில்லை. தண்டனைக்குச் சான்றாவது கருவி காட்டும் அளவே. அமெரிக்க நாட்டு இண்டியானாவைச் சேர்ந்த ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954இல் மூச்சுச் சோதனைக் கருவியை உருவாக்கினார். அதற்கு முன்னரும் அத்தகைய கருவிகள் இருந்தன. இது எளிதாகக் கையாளத்தக்கதாய் அமைந்தது. நாக்குழறலையும் தள்ளாட்டத்தையும் பார்த்து மனிதர் தீர்ப்புச் சொன்ன நிலை அதனால் மாறியது. பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்துப் பரலைக் கண்ட சோதனை, காலம் கடந்து, கோவலன் மாண்டபின் நடந்தது. இன்று அச்சோதனை தண்டனைக்கு முன்னரே சாலையோரத்தில் நடைபெறுகிறது. குடிக்காதவர் ஊதிவிட்டு வீடு செல்வார். அவர் இழப்பது சில நிமிடங்களே.

தெரிவித்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறதா? குறிப்பிட்ட சில கொடுங்குற்றங்களைப் பற்றி அறிந்தவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்று, 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு கூறியது. 2024 சூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 33ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. குடித்து ஓட்டுதல் அப்பட்டியலில் இல்லை. மறுபுறம், பொய்யென்று அறிந்தே ஒருவருக்குத் தீங்கு விளைக்க அரசு ஊழியரிடம் தகவல் தருவது குற்றமாகும். நல்லெண்ணத்தோடு தெரிவித்து, ஐயம் தவறாகிப் போவது அக்குற்றம் ஆகாது. ஆக, சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. நேர்மையாகத் தவறுபவரைத் தண்டிக்கவும் இல்லை. முடிவை நம் மனச்சான்றிடம் விட்டிருக்கிறது.

கண்டதும் கருதியதும்

முதல் வினாவாகிய உண்மைக்கு வருவோம். லஸ் முனையில் நின்றவர் கண்டது என்ன? கார் நடுக்கோட்டை இருமுறை தாண்டியதையும் சிவப்பு விளக்கில் முன்னேறியதையும் கண்டார். அவர் கருதியது, 'ஓட்டுபவர் குடித்திருக்கிறார்' என்பது. கண்டதைக் கண்டவாறு சொல்வதே கரி. கருதியதைக் கண்டதுபோல் சொல்வது பொய்க்கரியின் தொடக்கம்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு தீர்ப்பளித்த நவரெட் வழக்கு இவ்வேறுபாட்டை நன்கு விளக்கும். 2008ஆம் ஆண்டு கலிபோர்னியாவில், பிக்கப் வண்டி ஒன்று தம் ஊர்தியைச் சாலையை விட்டு வெளியே தள்ளியது என்று அவசர எண்ணுக்குத் தகவல் வந்தது. தெரிவித்தவர் வண்டியின் வகையையும் பதிவெண்ணையும் சென்ற திசையையும் சொன்னார். காவலர் அவ்வண்டியைக் கண்டு சுமார் ஐந்து நிமிடம் பின்தொடர்ந்தனர். அதற்குள் அது வேறு பிழை எதுவும் செய்யவில்லை. எனினும் நிறுத்தினர், வண்டியில் கஞ்சா இருந்தது. பெயர் தெரியாத ஒருவரின் சொல்லை நம்பி நிறுத்தியது முறையா என்பது வழக்கு. ஐந்து நீதிபதிகள் முறையே என்றனர், நால்வர் மறுத்தனர். சற்று முன் தாமே நேரில் பட்டதை, குறிப்பிட்ட செயலாக அவர் சொன்னதே பெரும்பான்மையோர் தீர்ப்புக்கு முதன்மைக் காரணம். முகமறியாதவர் சொல்லால் எவர் உரிமையும் பறிபோகலாம் என்ற நால்வரின் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று. அக்கவலைக்கு மருந்து, சொல்பவரின் நாவடக்கமே ஆகும்.

எனவே தெரிவிக்கும் முறை இவ்வாறு அமையலாம். 100 அல்லது 112 என்ற எண்ணில் அழைத்து, ஊர்தியின் பதிவெண், வகை, நிறம், இருந்த இடம், சென்ற திசை, நேரம், கண்ட செயல் ஆகியவற்றை மட்டும் கூறுதல் வேண்டும். 'குடித்திருக்கலாம் என ஐயுறுகிறேன்' என்பது உண்மை. 'குடித்திருக்கிறார்' என்பது நாம் அறியாதது. தாமே ஊர்தி ஓட்டிச் செல்பவர் ஓரமாக நிறுத்திய பின்னரே பேச வேண்டும். பின்தொடர்ந்து துரத்துதலும், மறித்துச் சண்டையிடுதலும், படம் எடுத்து ஊரெல்லாம் பரப்புதலும் நம் பணி அல்ல. கடைசியாகக் கூறியது புறங்கூறலே.

ஈண்டு மற்றொன்றும் எண்ணத்தக்கது. தள்ளாடும் ஊர்திக்குக் குடி மட்டுமே காரணமாகாது. நீரிழிவு நோயாளிக்குக் குருதியில் சர்க்கரை குறைந்தால் குழறலும் மயக்கமும் தோன்றும். பக்கவாதத்தின் தொடக்கமாக இருக்கலாம், உறக்கமின்மையாகவும் இருக்கலாம். 'நோயாளி ஒருவரைக் குடிகாரர் என்று எண்ணிவிட்டேனே' என்று வருந்துவோமோ என நாம் தயங்குகிறோம். ஆனால் இக்காரணங்களில் எது உண்மையாயினும் அந்த ஊர்தி நிறுத்தப்படவே வேண்டும். நோயாளியாயின், நம் அழைப்பு முதலில் காப்பது அவர் உயிரையே. ஆகவே ஐயம் தவறாகிவிடுமோ என்ற அச்சம், தெரிவியாதிருக்கக் காரணமாகாது.

முன்னின்று சொல்லல்

முகமறியாதவரைப் பற்றிச் சொல்வது எளிது. அறிந்தவரைப் பற்றிச் சொல்வதே கடினம். திருமண வீட்டில் குடித்துவிட்டுச் சாவியைக் கையில் எடுக்கும் மைத்துனர், அலுவலக விருந்து முடிந்து அடையாறு செல்லப் புறப்படும் மேலதிகாரி, தியாகராய நகர் விடுதி அறைத் தோழன் ஆகியோரிடம் என்ன செய்வது?

புறங்கூறாமை அதிகாரத்தில் வள்ளுவர், ஒருவர் முகத்துக்கு நேரே இரக்கமின்றிச் சொன்னாலும் சொல்லலாம்; அவர் இல்லாத இடத்தில் பின்விளைவு நோக்காமல் பேசலாகாது என்ற கருத்தைத் தருகிறார். இதுவே நமக்கு வரிசைமுறையைக் காட்டுகிறது. முதலில் முகத்துக்கு நேரே சொல்லுதல், சாவியை வாங்கிவைத்தல், ஆட்டோ அல்லது வாடகைக் கார் அழைத்து ஏற்றிவிடுதல், இரவு அங்கேயே தங்கச் செய்தல். மோரோ எலுமிச்சைச் சாறோ காப்பியோ குடித்தால் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை பயனற்றது. ஆல்கஹாலைக் கல்லீரலே சிதைக்கிறது. பெரும்பாலோருக்கு 100 மில்லி லிட்டர் குருதியில் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் அளவே குறையும். காலம் ஒன்றே மருந்து.

இவை எவையும் பயன்படாமல் அவர் புறப்பட்டுவிட்டால்? அப்போது தெரிவிப்பதே எஞ்சிய வழி. அவர் உறவினர் என்பது, எதிரே வருபவரின் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை தராது. உடன் ஏறிச் செல்வதும் கூடாது. 188ஆம் பிரிவு இக்குற்றத்துக்கு உடந்தையாவோரையும் தண்டிக்கிறது. குடித்தவருடன் செல்வோர்மீதும் வழக்குத் தொடரப்படும் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில் அறிவித்தது.

ஓட்டுபவர் குடும்பத்தின் நிலை என்ற மூன்றாம் அச்சத்துக்கும் இங்கே விடை உண்டு. மும்பை கார்ட்டர் சாலையில் 2006ஆம் ஆண்டு நடைபாதையில் உறங்கிய தொழிலாளர்மீது கார் ஏறி எழுவர் மாண்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்தது. அதை வெறும் கவனக்குறைவாகக் கொள்ளாமல், விளைவை அறிந்தும் செய்த, கொலை ஆகாத மரணம் விளைத்தலாகக் கொண்டு, மூன்றாண்டுச் சிறைத் தண்டனையை உறுதி செய்தது. உயிர் போவதற்கு முன் நிறுத்தப்பட்டவருக்குத் தண்டமும் உரிம நிறுத்தமும். உயிர் போன பின் நிறுத்தப்பட்டவருக்குச் சிறையும் ஆறாத நினைவும். எது அக்குடும்பத்துக்கு இரங்குவது?

என் பிழை ஒன்று

பிறர்க்கு எடுத்துரைக்கும் நான் இதில் தவறியவன் என்பதை மறைத்தல் முறையன்று. சில ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து அடையாறு செல்ல ஆட்டோ ஒன்றில் ஏறினேன். சிறிது தூரம் சென்றதும் மது நெடி வீசியது. வண்டி இருமுறை நடைபாதையை உரசிற்று. மந்தைவெளியில், இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டதுபோல் நடித்து இறங்கி, பணம் கொடுத்தேன். வேறு ஆட்டோவுக்காகத் திரும்பியபோது, கணவனும் மனைவியும் குழந்தையுமாக ஒரு குடும்பம் அதே வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. அவர்களிடம் 'இதில் ஏற வேண்டாம்' என்ற மூன்று சொல்லைச் சொல்லவில்லை. ஓட்டுநரிடமும் ஒன்றும் கூறவில்லை. காவல்துறையை அழைக்கவும் இல்லை. 'ஏழை மனிதர், பிழைப்புக் கெடும்' என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொண்டேன்.

மறுநாள் செய்தித்தாளை அச்சத்தோடு புரட்டினேன். ஒன்றும் இல்லை. அவர்கள் நலமாக வீடு சேர்ந்திருக்கக் கூடும். ஆயின் அது என் அறத்தால் நிகழ்ந்ததன்று. இரக்கம் என்று நான் பெயரிட்டது உண்மையில் கூச்சமே. அந்த ஓட்டுநர்மீது எனக்கு மெய்யான இரக்கம் இருந்திருந்தால், 'வண்டியை ஓரமாக விட்டுச் சற்றுத் தூங்கிவிட்டுப் போங்கள், அண்ணே' என்று சொல்லி அதற்குரிய கூலியையும் கொடுத்திருப்பேன். என் உயிரை மட்டும் இறக்கிக்கொண்டு, மற்றவர் உயிரை அதே இருக்கையில் ஏற்றிவிட்டேன்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில உண்மைகள் தெளிவாகும். கண்டதைக் கண்டவாறு உரியவரிடம் உரைப்பது கரியுரை. அது புறங்கூறல் ஆகாது. ஐயுற்றவர் நீதிபதி அல்லர். அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, சோதிக்கச் சொன்னால் போதும். அறிந்தவராயின் முதலில் முன்னின்று தடுத்தல் வேண்டும். இயலாதபோது தெரிவித்தல் வேண்டும். எல்லா அழைப்பும் பயன் தரும் என்று உறுதி கூற இயலாது. காவலர் வருமுன் ஊர்தி மறைந்துவிடலாம். எனினும் நம் கடமை நம்மளவில் முடிந்ததாகும்.

கடற்கரைக் காமராசர் சாலையில் கண்ணகி சிலை நிற்கிறது. 1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் நிறுவப்பட்ட சிலை அது. ஆராயாமல் தண்டித்த அரசனை நோக்கிய சினம் அவள் கையிலுள்ள சிலம்பில் இருக்கிறது என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கோவலன் கள்வன் அல்லன் என்று ஐயுற்றும் களிமகனின் கையைப் பற்றித் தடுக்காத காவலரையும் இனி அதனோடு சேர்த்துக் கற்பிப்போமாக. இரவில் அச்சாலையில் செல்லும் மாணவ நண்பர்கள், தடுமாறும் ஊர்தி ஒன்றைக் காண நேரின், அதன் எண்ணை மனத்தில் குறித்துக்கொண்டு, ஓரமாக நின்று, கண்டதை மட்டும் சொல்வார்களாயின், மந்தைவெளியில் நான் சொல்லத் தவறிய சொல்லை அவர்கள் சொன்னவர் ஆவர்.